அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன்: தகவல் கை மாறும் இடத்தில் நில்லுங்கள்

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து 43 வயது வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு வயது 67. பதினைந்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. பத்து மாதத்துக்கு முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்திருக்கிறார்கள். வலது முழங்கால் தேய்ந்துபோய், வீட்டுக்குள் நடப்பதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டார்கள்.

ஆனால் வாசகிக்குப் பயம் விடவில்லை. 14 மாதத்துக்கு முன்பு அவருடைய அப்பாவைக் கால் புண்ணுக்காக வேறொரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். 'அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும்' என்று குடும்பத்தார் கேஷுவாலிட்டியில் சொல்லியிருக்கிறார்கள். இரவு வார்டில் ஒரு ஊசி போட்ட சில நிமிடத்தில் முகம் வீங்கி, மூச்சுத் திணறி, இரண்டு நாள் ஐசியூவில் இருந்து பிழைத்திருக்கிறார். 'சில பேருக்கு இப்படி ஆகும்' என்றதோடு மருத்துவமனை முடித்துக்கொண்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மருந்து ஒவ்வாமை, சிகிச்சை அளிக்கப்பட்டது' என்று மட்டும் இருக்கிறது. எந்த மருந்து என்று இல்லை.

'கேள்வி கேட்டால் டாக்டர் கோபப்படுவார், அப்புறம் சரியாகக் கவனிக்க மாட்டார்' என்கிறார் தம்பி. 'பெரிய ஆஸ்பத்திரி, அங்கெல்லாம் தப்பு நடக்காது' என்கிறார் சித்தப்பா. வாசகியோ எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்துவிடுவது என்ற முடிவில் இருக்கிறார். ஒவ்வொரு ஊசிக்கும் டெஸ்ட் டோஸ் போடச் சொன்னால் போதுமா? அப்பா விஷயத்தில் இனி வழக்குப் போட முடியுமா? சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டதால் உரிமை போய்விட்டதா? இவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: 'எலும்பு டாக்டர் ரத்த மாத்திரையை ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொன்னார். ஹார்ட் டாக்டரோ ஒரு நாள்கூட விடக்கூடாது என்று சொல்லியிருந்தார். அதைச் சொன்னதற்கு, அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க என்றார்.'

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இப்போதைக்கு இருக்கும் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்க, ஆஸ்பிரினும், அதோடு குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரிலார் போன்ற இரண்டாவது மாத்திரையும் பொதுவாக 12 மாதம் கொடுப்பார்கள். அதற்கு முன்பே நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரலாம். நிறுத்தாமல் ஆபரேஷன் செய்தால் ரத்தப்போக்கு அதிகமாகும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் ஸ்பைனல் அனஸ்தீசியாவில் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டும் அபாயமும் உண்டு. இரண்டு டாக்டர்கள் சொன்னதும் அவரவர் பக்கத்தில் சரிதான். ஆனால் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. நடுவில் தகவலைச் சுமந்துகொண்டு போகிற வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

மூட்டு மாற்று ஆபரேஷன் அவசர ஆபரேஷன் இல்லை. இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடலாம். அதுவரை வாக்கர், பிசியோதெரபி, வலிக்குப் பொருத்தமான மருந்து என்று சமாளிக்க முடியும். எனவே இந்த வாரமே இதய மருத்துவரைப் பார்த்து, வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் நான்கு விஷயங்களை வாங்குங்கள்: 12 மாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா, இரண்டு மாத்திரைகளில் எதை நிறுத்தலாம், எதைத் தொடர வேண்டும், ஆபரேஷனுக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, பிறகு எந்த நாளில் மறுபடி தொடங்குவது. அந்தக் கடிதத்தின் நகலை எலும்பு மருத்துவருக்கும் மயக்க மருந்து நிபுணருக்கும் கொடுங்கள். அதுவரை எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அப்பாவுக்கு நடந்ததும் இதே வகைதான். கேஷுவாலிட்டியில் நீங்கள் சொன்னது ஒருவர் காதில் விழுந்தது. ஊசி போட்டது வேறொருவர், வேறொரு தளத்தில், வேறொரு டியூட்டியில். நடுவில் ஒரு தாளில் ஒரு வரி ஏறாமல் போயிருக்கலாம், அல்லது ஏறியும் மருந்துச் சீட்டுக்குப் போகாமல் நின்றிருக்கலாம். மருத்துவமனையில் நோயாளிக்கு நேரும் தவறுகளில் பெரும்பகுதி டாக்டருக்குத் திறமை இல்லாததால் வருவதில்லை. கேஷுவாலிட்டியிலிருந்து வார்டுக்கு, வார்டிலிருந்து தியேட்டருக்கு, பகல் டியூட்டியிலிருந்து இரவு டியூட்டிக்கு, கடைசியில் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு என்று தகவல் கை மாறும்போதுதான் நழுவுகிறது. பெரிய மருத்துவமனையில் நிபுணர்கள் அதிகம். ஆகவே கை மாறும் இடங்களும் அதிகம். சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். இந்த எல்லா இடத்திலும் தொடர்ந்து கூடவே இருப்பவர்கள் நோயாளியும் குடும்பமும் மட்டும்தான். ஆபரேஷனை டாக்டர் எப்படிச் செய்கிறார் என்று உங்களால் கண்காணிக்க முடியாது, அது தேவையுமில்லை. தகவல் கை மாறும்போது அங்கே நின்று ஒரு முறை சரிபார்ப்பது உங்களால் முடியும்.

கேள்வி கேட்டால் கோபம் வருமா?

சில டாக்டர்களுக்கு வரும். ஆனால் கோபம் பெரும்பாலும் கேள்வியின் தொனிக்கும் நேரத்துக்கும்தான். 'நீங்க போடுறது சரியான ஊசிதானா?' என்று கேட்டால் சந்தேகப்படுவதாகத் தோன்றும். 'சிஸ்டர், இது என்ன ஊசி? நோட்டில் எழுதி வைக்கணும்' என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். பெயரைச் சொல்வதற்காக அவர் லேபிளை இன்னொரு முறை பார்ப்பார். உங்களுக்கு வேண்டியதும் அதுதான். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் பத்துக் கேள்வி கேட்காதீர்கள். முதல் நாள் இரவே எழுதிவைத்து, முக்கியமான மூன்றை மட்டும் கேளுங்கள்.

உறவினர்கள் கூட்டமாகச் சேர்ந்து குரலை உயர்த்துவது நோயாளிக்குக் கெடுதல். மருத்துவமனையில் வன்முறையைத் தடுக்க 2008-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பேசுவதற்கு ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள். நீங்களோ தம்பியோ, யாராவது ஒருவர்தான்.

சேர்ப்பதற்கு முன்பு ஒரு தாள்

கடிதத்தில் அம்மாவின் மருந்துகளை 'சர்க்கரை மாத்திரை ரெண்டு, பிரஷருக்கு ஒண்ணு, ஹார்ட் மாத்திரை, இன்சுலின்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த அளவு தகவல் போதாது. ஒரே தாளில், தெளிவான கையெழுத்தில் இவை இருக்க வேண்டும்: ஒவ்வொரு மாத்திரையின் அட்டையிலும் பிராண்ட் பெயரோடு சேர்த்து அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, கடைசியாக எப்போது சாப்பிட்டார். சித்த மருந்து, லேகியம், கஷாயம், மெடிக்கலில் நேராக வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரை எல்லாவற்றையும் சேருங்கள். பலரும் இவற்றை 'மருந்து' என்று கணக்கில் எடுப்பதில்லை. மூட்டு வலிக்காக மாதக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டிருந்தால் சிறுநீரகம் பாதித்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் மருந்து கொடுப்பது ஆபத்து. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையில் கடைசியாக வந்த அளவையும் எழுதுங்கள்.

சர்க்கரை மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். இவை சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுபவை. இதயத்துக்கும் நல்லது என்பதால் மாரடைப்பு வந்தவர்களுக்கு இப்போது நிறையக் கொடுக்கிறார்கள். ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வது வழக்கம். நிறுத்தாமல் பட்டினி இருந்தால் ரத்தத்தில் அமிலம் சேரலாம். சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வாந்தி, வேகமான மூச்சு, காரணமில்லாத சோர்வுதான் அடையாளம். இருதய மருத்துவர் எழுதிய மாத்திரை எலும்பு மருத்துவரின் சீட்டில் இருக்காது. உங்கள் தாளில்தான் இருக்கும்.

இந்தத் தாளில் மூன்று நகல் எடுங்கள். ஒன்று கேஸ் ஷீட்டில் (மருத்துவமனை வைத்திருக்கும் சிகிச்சைப் பதிவில்) இணைக்க, ஒன்று மயக்க மருந்து நிபுணரிடம் கொடுக்க, ஒன்று உங்கள் கையில்.

டெஸ்ட் டோஸ் பற்றி

இதில் உங்கள் எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஆன்டிபயாடிக் போடும் முன்பு தோலில் துளி ஊசி போட்டுப் பார்ப்பது நம் ஊரில் பரவலான பழக்கம். ஆனால் அதில் ஒன்றும் வரவில்லை என்பது முழு டோஸுக்கு உத்தரவாதம் இல்லை. அதைவிட நம்பகமானது 'முன்பு எந்த மருந்துக்கு, என்ன ஆயிற்று' என்ற விவரம். அப்பாவின் ஒவ்வாமை அம்மாவுக்குப் பொருந்தாது. அம்மாவுக்கென்று தனியாகக் கேட்டு எழுதுங்கள். ஒன்றும் இல்லையென்றால் 'இதுவரை மருந்து ஒவ்வாமை இல்லை' என்றே எழுதுங்கள்.

ஊசி போட்ட சில நிமிடங்களில் அரிப்பு, உதடு வீக்கம், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே சத்தம் கொடுத்து ஆளைக் கூப்பிடுங்கள். அப்போது உயிரைக் காப்பது தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம். வேறு மருந்துகள் அதற்குப் பிறகுதான்.

ஆபரேஷன் நாள்

பட்டினி விஷயத்தில் தவறு செய்வது பெரும்பாலும் நாம்தான். 'ஒரு வாய் காபிதானே' என்று யாராவது கொடுத்துவிடுவார்கள். திட உணவுக்கு ஆறு மணி நேரம், எண்ணெய்ப் பலகாரமாக இருந்தால் இன்னும் கூடுதல், தெளிந்த தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. பால் கலந்த காபி திட உணவின் கணக்கில் சேரும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அம்மா தெரியாமல் குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். சர்க்கரை நோயாளி என்பதால் பட்டியலில் முதல் ஆபரேஷனாக வைக்க முடியுமா என்று முன்பே கேளுங்கள்.

சம்மதப் படிவத்தில் 'வலது முழங்கால்' என்று எழுத்தில் இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வலது என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆர்' (R) என்று ஒற்றை எழுத்து மட்டும் இருந்தால் முழுதாக எழுதச் சொல்லுங்கள். அம்மா விழித்திருக்கும்போதே, அவரையே காலைத் தொட்டுக் காட்டச் சொல்லி, சர்ஜன் அந்த முழங்காலில் அழியாத பேனாவால் அடையாளம் போட வேண்டும். அடையாளம் இல்லாமல் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனால் 'மார்க் போடலையே' என்று அங்கேயே சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. மயக்கம் கொடுக்கும் முன்பு, கத்தி வைக்கும் முன்பு, தியேட்டரைவிட்டு வெளியே கொண்டுவரும் முன்பு என்று மூன்று இடத்தில் எல்லாரும் நின்று, நோயாளி யார், எந்தப் பக்கம், ஒவ்வாமை உண்டா, ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா, பஞ்சும் கருவிகளும் எண்ணிக்கை சரியா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் இதைப் பயன்படுத்திப் பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில் ஆபரேஷனுக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. 'உங்கள் தியேட்டரில் சர்ஜிக்கல் சேஃப்டி செக்லிஸ்ட் ஒவ்வொரு கேஸுக்கும் உண்டா?' என்று முன்பே கேளுங்கள். 'உண்டு' என்பவர்கள் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள்.

வார்டில் கவனிக்க வேண்டியவை

முதலில் பெயர். நம் ஊரில் ஒரே தளத்தில் இரண்டு லட்சுமி, மூன்று செல்வி இருப்பது சாதாரணம். 'லட்சுமியம்மாதானே?' என்று கேட்டால், காது சரியாகக் கேட்காத ஒரு பாட்டி 'ஆமா' என்றுதான் சொல்வார். கையில் கட்டும் பட்டையில் பெயர், இனிஷியல், வயது, ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) சரியா என்று முதல் நாளே பாருங்கள். மருந்து, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எதற்கு வந்தாலும், பேரை அவர்கள் சொல்ல அம்மா தலையாட்டாமல், அம்மாவே தன் முழுப் பெயரைச் சொல்லட்டும். பட்டையில் இருக்கும் எண்ணையும் காட்டுங்கள்.

அடுத்தது இன்சுலின். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கணக்கு தெரிந்தால்தான் ஆபத்து புரியும். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. சாதாரணக் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜிலும் சில குப்பிகளிலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. அம்மாவுக்கு 20 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு என்பது அரை மில்லி. அதில் 100 அடர்த்தி மருந்தை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. தலைகீழாக, 40 மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும். வீட்டில் பயன்படுத்துவது எது, மருத்துவமனை தருவது எது என்று குப்பியைப் பார்த்து நோட்டில் எழுதிவையுங்கள். டிஸ்சார்ஜில் மாற்றிக் கொடுத்தால் சிரிஞ்சையும் மாற்ற வேண்டும்.

இன்னொன்று: இன்சுலின் போட்டாயிற்று, சாப்பாடு வரவில்லை, அதற்குள் ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மருத்துவமனைகளில் சர்க்கரை தாழ்ந்து போவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. சாப்பாட்டு வேளைக்கான இன்சுலினை 'தட்டு வந்ததும் போடலாமா சிஸ்டர்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், புதிதாக உளறல் என்றால் உடனே சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே என்றால் தாழ்நிலை.

சீட்டு எழுதிக் கொடுத்து மருந்தகத்தில் வாங்கி வரச் சொல்லும் மருத்துவமனையாக இருந்தால், கவரை வார்டில் கொடுக்கும் முன்பு சீட்டையும் மருந்தையும் பக்கத்தில் வைத்துப் பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் பாருங்கள். பிராண்ட் மாற்றிக் கொடுத்திருந்தால் சிஸ்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், பையில் உள்ள பெயர், ஐ.பி. எண், குரூப் மூன்றையும் இரண்டு பேர் சேர்ந்து கட்டிலருகே சரிபார்க்க வேண்டும். முதல் 15 நிமிடம் யாராவது அருகில் இருங்கள். குளிர் நடுக்கம், இடுப்பு வலி, மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சிறுநீர்க் குழாய் இருந்தால் 'இன்னும் தேவையா?' என்று தினம் ஒரு முறை கேளுங்கள். தேவையில்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு இடம் கொடுக்கும். வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றுவதற்கான சிறு குழாய்) போட்ட இடம் சிவந்தாலோ வலித்தாலோ சொல்லுங்கள். உள்ளே வருபவர்கள் கை கழுவுகிறார்களா என்று பார்ப்பது உறவினர்களுக்கும் சேர்த்துத்தான்.

நீங்கள் செய்யக் கூடாதவையும் உண்டு. டிரிப்ஸ் மெதுவாகப் போகிறதே என்று உருளையைத் திருகாதீர்கள். மாரடைப்பு வந்த இதயத்துக்கு வேகமாகப் போகும் திரவம் நுரையீரலில் தேங்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை டியூட்டி டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். அதே மருந்து வேறு பெயரில் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கலாம். ஆபரேஷன் ஆன காலின் கெண்டைச்சதை வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடாதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

வீடியோ வேண்டாம், நோட்டு போதும்

ஐசியூவிலும் வார்டிலும் படம் எடுத்தால் பக்கத்துக் கட்டில் நோயாளிகளின் அந்தரங்கமும் பதிவாகும். ஊழியர்களும் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். டாக்டர் சொல்லும் அறிவுரையை மட்டும் அனுமதி கேட்டுப் பதிவு செய்யலாம். வீடியோவுக்குப் பதில் 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, நேரம், என்ன மருந்து, யார் என்ன சொன்னார்கள், காய்ச்சல், சர்க்கரை அளவு, எப்போது சாப்பிட்டார். நீங்களும் தம்பியும் மாறி மாறி இருக்கப்போகிறீர்கள். உங்களுக்குள்ளும் தகவல் கை மாறுகிறது. நோட்டைக் கொடுக்காமல் யாரும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நர்ஸ்களுக்கு டியூட்டி மாறும் நேரத்தில் இருவரில் ஒருவர் கட்டிலருகே இருப்பது நல்லது.

அம்மா 'சரியில்லையே' என்று உங்களுக்குத் தோன்றினால், புதிய குழப்பம், வேகமான மூச்சு, நெஞ்சு வலி, சிறுநீர் குறைவு என்று பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். சிஸ்டரிடம் சொல்லி நடக்கவில்லை என்றால் டியூட்டி டாக்டர், அவரும் வரவில்லை என்றால் சிகிச்சையளிக்கும் மருத்துவர், பிறகு மருத்துவக் கண்காணிப்பாளர். இந்த எண்களைச் சேர்ந்த அன்றே வாங்கி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

டிஸ்சார்ஜ் நாள்

வீட்டுக்குப் போகும் அவசரத்தில் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. பில் கட்டுவதற்கு ஒருவர், மருந்து விவரம் கேட்பதற்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய தாளை எடுத்து வைத்து ஒவ்வொரு மருந்துக்கும் கேளுங்கள்: தொடரணுமா, நிறுத்தணுமா, அளவு மாறியதா? ஆபரேஷனுக்காக நிறுத்திய குளோபிடோக்ரெலை மறுபடி தொடங்கச் சொல்லி சம்மரியில் தேதியோடு இருக்க வேண்டும். நிறுத்தச் சொன்னவர் ஒருவர், தொடங்கச் சொல்ல வேண்டியவர் இன்னொருவர் என்பதால் இது விட்டுப்போவது உண்டு. வீட்டில் யாருக்கும் தெரியாமல் வாரங்கள் ஓடிவிடும். கால் ரத்தக்கட்டியைத் தடுக்கப் புதிதாக ஒரு மருந்து எழுதியிருந்தால், பழைய இரண்டோடு சேர்த்துச் சாப்பிடலாமா, எத்தனை நாள் என்றும் கேளுங்கள். வலி மாத்திரை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பொருந்துமா என்பதும் முக்கியம். வராத பரிசோதனை முடிவு ஏதாவது இருந்தால், அதை யாரிடம், எப்போது வாங்குவது?

அப்பாவின் விஷயம்

கேஸ் ஷீட்டை முதலில் வாங்குங்கள். வழக்குக்காக மட்டும் சொல்லவில்லை. எந்த மருந்தில் அப்படி ஆயிற்று என்று தெரியாதவரை அப்பாவுக்கு ஆபத்து நீங்கவில்லை. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பிப்பராசிலின் எல்லாம் பென்சிலின் குடும்பம். பிராண்ட் பெயரைப் பார்த்தால் தெரியாது. மருந்தின் பெயர் தெரிந்ததும் ஒரு சிறு அட்டையில் எழுதி அவர் பர்ஸில் வையுங்கள்.

இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் அவற்றைப் பாதுகாக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அப்பாவே கையெழுத்திட்டு, ஐ.பி. எண், சேர்ந்த தேதி, வந்த தேதி குறிப்பிட்டு, கேஷுவாலிட்டி குறிப்பு, மருந்து சார்ட், நர்ஸ் குறிப்பு, ஐசியூ சார்ட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள்.

கையெழுத்துப் போட்டதால் உரிமை போகவில்லை. சம்மதம் என்பது சிகிச்சைக்குத்தான். அலட்சியத்துக்கு யாரும் சம்மதம் கொடுப்பதில்லை. கட்டணம் வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல், வி.பி. சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 14 மாதம் ஓடிவிட்டது. பத்து மாதம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். மருத்துவமனைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை.

ஆனால் ஒவ்வாமை வந்ததே அலட்சியம் ஆகிவிடாது. முன்பே சொல்லியும் அதே குடும்ப மருந்தைக் கொடுத்தார்கள் என்பதை நீங்கள் காட்ட வேண்டும். கேஷுவாலிட்டி தாளில் ஒவ்வாமை எழுதியிருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. எழுதியில்லை என்றால் நீங்கள் சொன்னீர்கள் என்பதை நிரூபிப்பது கடினம். அப்பா முழுதாகத் தேறிவிட்டதால் இழப்பீடு பெரிதாக இருக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். போலீஸுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும், சுதந்திரமான மருத்துவர் கருத்தும் வேண்டும் என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது.

என் யோசனை இது. ஆவணங்கள் கைக்கு வந்ததும், என்ன நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன மாற்றம் செய்தீர்கள் என்று மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் மனு கொடுக்கலாம். டாக்டரின் நடத்தை பற்றி என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். மருந்தால் வந்த பாதிப்பை 1800-180-3024 என்ற தேசிய இலவச எண்ணில் நீங்களே பதிவு செய்யலாம். வழக்குத்தான் என்று முடிவு செய்தால், மருத்துவ வழக்குகளில் பழகிய வழக்கறிஞர் ஒருவரிடம் ஆவணங்களைக் காட்டுங்கள். இரண்டு வருடக் கெடு முடியக் குறைந்தது மூன்று மாதம் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள். அதற்கு முன்பாக, இந்த வாரம், இதய மருத்துவரிடம் அந்தக் கடிதம்.